75 ஹெர்ட்ஸ் உறுமலும் ரப்பர் பூசிய ஈயக் குண்டும்

டீசல் ஜெனரேட்டர் போடும் சத்தத்தில் இரண்டு அடுக்கு உண்டு. மேல் அடுக்கில் வால்வு கடகடப்பு, ரேடியேட்டர் விசிறியின் இரைச்சல், டர்போவின் சீழ்க்கை எல்லாம் வரும். இவற்றை அடக்குவது எங்கள் தொழிலுக்குப் பழகிப்போன வேலை. தகட்டுப் பெட்டி, உட்சுவரில் ராக்வூல் என்ற கற்கம்பளி, அதன்மேல் துளைத்தகடு, காற்று வர ஒரு லூவர் (சாய்ந்த தகடுகள் வைத்த திறப்பு), போக ஒரு லூவர். கீழ் அடுக்குதான் உறுமல். அதற்கு இந்தப் பெட்டி ஒரு பொருட்டே இல்லை.

கோவையில் ஜெனரேட்டரை மூடும் இந்தப் பெட்டியை, அதாவது கேனோபியை, செய்யும் பட்டறை எங்களுடையது. அப்பா தகடு வளைத்து வளர்த்த தொழில். நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு, மீட்டரைப் பிடித்து அளவெடுக்கும் பக்கம் வந்தவள். ஒரு மருத்துவமனைக்குக் கேனோபி மாட்டிக் கொடுத்த பிறகு, பின்வீட்டில் இருக்கும் வயதான அம்மா ஒருவரிடம் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “சத்தம் கொறஞ்சுதான் போச்சு கண்ணு. ஆனா ராத்திரி படுத்தா நெஞ்சுக்கூட்டுக்குள்ள என்னமோ உருட்டுது” என்றார். அவர் வீட்டு அலமாரிக் கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தேன். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

சட்டக் கணக்குப்படி அந்தப் பெட்டி தேறிவிட்டது. 1000 கேவிஏ வரையிலான டீசல் செட்டுகளுக்குப் பெட்டியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 75 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது என்பது விதி. ஆனால் அந்த டெசிபெல் ‘ஏ’ வடிகட்டி வழியாக வரும் டெசிபெல். மனிதக் காது தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகவே கேட்கிறது என்பதால், 63 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 63 அதிர்வு) இருப்பதில் 26 டெசிபெல்லையும் 50 ஹெர்ட்ஸில் இருப்பதில் 30 டெசிபெல்லையும் அந்த வடிகட்டி கழித்துவிடும். காதுக்கு அது நியாயமான கணக்குதான். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் படுத்திருப்பவரின் நெஞ்சுக்கும் அந்தக் கழிவு கிடையாதே. வடிகட்டியை எடுத்துவிட்டு, அதிர்வெண் வாரியாகப் பிரித்துப் பார்த்தால் 75 ஹெர்ட்ஸில் ஒரு கூம்பு ஓங்கி நிற்கும்.

அது ஏன் சரியாக 75-ல் நிற்கிறது என்பதில்தான் நான் சொல்லவரும் விஷயமே இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நான்கு துருவ ஆல்டர்னேட்டர் அதைக் கொடுக்க நிமிடத்துக்கு 1500 சுற்று, அதாவது நொடிக்கு 25 சுற்று சுழல வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். ஆறு சிலிண்டர் என்றால் சுற்றுக்கு மூன்று வெடி, நொடிக்கு 75. நான்கு சிலிண்டர் என்றால் 50. லாரி இன்ஜினின் உறுமல் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். ஜெனரேட்டருடையது எப்போது ஓடினாலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும்.

இதை அடக்கப் பழைய வழி இரண்டுதான். ஒன்று எடை. 16 கேஜ் தகடு, அதாவது 1.6 மில்லிமீட்டர் இரும்பு, சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரை கிலோ. 75 ஹெர்ட்ஸில் அது தடுப்பது பத்துப் பன்னிரண்டு டெசிபெல். எடையை இரட்டித்தால் கூடுதலாக 6 டெசிபெல் கிடைக்கும். அதற்கு மேல் இல்லை. இன்னும் 20 டெசிபெல் வேண்டுமென்றால் பத்து மடங்கு எடை, 16 மில்லிமீட்டர் பிளேட். பெட்டியைக் கிரேன் வைத்துத்தான் தூக்க வேண்டும். இரண்டாவது வழி உறிஞ்சுவது. ராக்வூல் நன்றாக வேலை செய்ய அதன் தடிமன் அலைநீளத்தில் கால் பங்காவது இருக்க வேண்டும். 75 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நாலரை மீட்டருக்கு மேல். அப்படியானால் ஒரு மீட்டருக்கும் அதிகமான கம்பளி வேண்டும். நாங்கள் வைப்பது 50 மில்லிமீட்டர்.

இங்கே முட்டி நின்றபோதுதான், பொருளின் எடையை நம்பாமல் அதன் அமைப்பை நம்பும் ஒரு துறை இருக்கிறது என்று படிக்கத் தொடங்கினேன். அகூஸ்டிக் மெட்டாமெட்டீரியல் என்கிறார்கள். ஒலியும் அதிர்வும் எப்படிப் போக வேண்டும் என்று முதலில் முடிவுசெய்துவிட்டு, அதற்கேற்பப் பொருளைச் சின்னச் சின்ன அறைகளாகக் கட்டுவது.

இதற்கு ஒரு சிற்பத்தின் கதையும் உண்டு. மாட்ரிட் நகரில் ஹுவான் மார்ச் அறக்கட்டளையின் தோட்டத்தில், எவுசேபியோ செம்பெரே என்ற ஸ்பானியச் சிற்பி செய்த ‘ஆர்கனோ’ நிற்கிறது. 4 மீட்டர் விட்டமுள்ள வட்ட மேடைமேல், 2.9 சென்டிமீட்டர் விட்டமுள்ள உள்ளீடற்ற எஃகுக் குழாய்கள், 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சதுரக் கட்டங்களில் நெடுநெடுவென நிற்கும். கண்ணுக்காகச் செய்தது. செம்பெரே 1985-ல் காலமானார். பத்து ஆண்டு கழித்து, வாலென்சியாவின் ஆய்வாளர்கள் அந்தக் குழாய்க் காட்டுக்குள் ஒலியை அனுப்பி, மறுபக்கம் என்ன வருகிறது என்று அளந்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். 1670 ஹெர்ட்ஸில் ஒலி பெருமளவு அடைபட்டிருந்தது. அந்த அதிர்வெண்ணின் அலைநீளம் 20 சென்டிமீட்டர், குழாய்களின் இடைவெளியைப் போல இரண்டு மடங்கு. ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி அனுப்பும் ஒலி, ஒன்றோடொன்று சரியாகச் சேர்ந்து பலப்படுகிறது. முன்னே போக வேண்டியது கரைந்துவிடுகிறது. குழாய்களுக்கு நடுவே காற்று தாராளமாகப் போய்வருகிறது. ஒலி மட்டும் போவதில்லை. கலைக்காகச் செய்த ஒரு பொருள் இயற்பியலுக்குச் சாட்சி சொன்ன இந்த நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடித்தமானது.

ஆனால் என் 75 ஹெர்ட்ஸுக்கு இதே வழியில் போனால் குழாய்களை 2.3 மீட்டர் இடைவெளியில் நட வேண்டும். நாலைந்து வரிசையாவது வேண்டும். மருத்துவமனைப் பின்பக்கத்தில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? அலைநீளத்தோடு போட்டி போடும் எந்த அமைப்பும் தாழ்ந்த ஒலியில் இடத்தைத் தின்னும்.

அந்த முடிச்சை அவிழ்த்தது 2000-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஒரு கட்டுரை. ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிங் ஷெங் குழுவின் வேலை. கட்டுரை ஆசிரியர்களில் முதலாமவர் லியூ ஜெங்யோ. அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு சென்டிமீட்டர் ஈயக் குண்டு. அதைச் சுற்றி இரண்டரை மில்லிமீட்டர் சிலிக்கோன் ரப்பர். இப்படிப்பட்ட குண்டுகளை ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் எபாக்ஸி என்ற கெட்டியாகும் பிசினுக்குள் அடுக்கி உறையவைத்தார்கள். 2 சென்டிமீட்டர் பலகை, 400 ஹெர்ட்ஸ் அருகே, அதே எடையுள்ள சாதாரணப் பலகை தடுப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேலாகத் தடுத்தது. குண்டுகளின் இடைவெளியோ அலைநீளத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவில்தான்.

உள்ளே நடப்பதை மெதுவாகப் பார்க்கலாம். ரப்பரில் தொங்கும் குண்டுக்குத் தனக்கென்று ஓர் ஆட்டக் கதி உண்டு. அதைவிட மெதுவாக எபாக்ஸியை ஆட்டினால் குண்டும் கூடவே ஆடும். அந்தக் கதியைத் தாண்டிக் கொஞ்சம் வேகமாக ஆட்டினால் குண்டு எதிர்ப்பக்கம் போகத் தொடங்கும். எபாக்ஸி வலப்புறம் போகையில் குண்டு இடப்புறம். ஒத்ததிர்வுக்கு, அதாவது அந்தச் சொந்தக் கதிக்கு, அருகே குண்டின் வீச்சு மிகப் பெரிது. அதனால் மொத்தப் பொருளையும் சேர்த்துப் பார்த்தால், வலப்புறம் தள்ளினால் இடப்புறம் நகர்வதுபோல் நடந்துகொள்ளும். நியூட்டன் கணக்கில் போட்டால் எடை கழித்தல் குறியோடு வரும். பொருளின் உண்மையான எடை அப்படியேதான் இருக்கிறது. அந்த அதிர்வெண்ணில் அலைக்குத் தெரியும் எடைதான் எதிர்க்குறி. அப்படிப்பட்ட பொருளுக்குள் அலை ஓட முடியாது. நுழைந்த இடத்திலேயே தேய்ந்துவிடும்.

2008-ல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்று வந்தது. இன்னும் எளிமையானது. கெட்டியான சட்டத்தில் மெல்லிய ரப்பர் சவ்வை இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு சிறு எடையை ஒட்டுவது, அவ்வளவே. படத்தைப் பார்த்ததும் எனக்கு மிருதங்கத்தின் வலந்தலை நினைவுக்கு வந்தது. இது வெறும் தோற்ற ஒற்றுமை இல்லை. இரண்டிலும் ஒரே இயற்பியல். வெறும் தோலை இழுத்துக் கட்டினால் அதன் மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று ஒவ்வாத விகிதத்தில் வரும். நடுவே கரணை என்ற கருப்பு வட்டப் பூச்சை ஏற்றினால் அவை முழு எண் விகிதத்துக்கு வந்து சுருதி சேர்கின்றன. 1920-லேயே சி. வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து இதை ‘நேச்சர்’ இதழில் எழுதியிருக்கிறார். சவ்வின் நடுவே எடை வைத்து அதன் அதிர்வுகளை வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம் என்பது நம் மிருதங்கம் செய்பவர்களின் கைக்கு எப்போதோ தெரிந்த விஷயம்.

ஹாங்காங் சவ்வில் அந்த நகர்த்தலை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். முதல் ஒத்ததிர்வுக்கும் இரண்டாவதற்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அங்கே நடு எடை ஒரு பக்கம் போனால் சுற்றியுள்ள சவ்வு மறுபக்கம் போகும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் பூச்சியம். சவ்வு ஒலியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியது என்பதால், தூரத்தில் இருப்பவருக்குப் போய்ச் சேர்வது அந்தச் சராசரி மட்டும்தான். சவ்வு துடித்துக்கொண்டிருக்கும், ஆனால் பின்னால் இருக்கும் காற்றை மொத்தத்தில் தள்ளாது. தாள் கனத்தில் ஒரு பொருள் சுவர்போல் ஒலியைத் திருப்பி அனுப்புவதை இப்படிப் புரிந்துகொண்ட அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஒலி காற்றில் மட்டும் வருவதில்லை. அந்த அம்மாவின் அலமாரி நடுங்கியதில் தரை வழியாக வந்த பங்கும் இருக்கலாம். திடப்பொருளில் அலையின் சங்கதி இன்னும் சிக்கலானது. காற்றில் அமுக்கி விரியும் அலை மட்டும்தான். மண்ணிலும் கான்கிரீட்டிலும் அதோடு பக்கவாட்டு அலையும் உண்டு. மேற்பரப்பை ஒட்டி உருண்டு போகும் ரேலே அலை வேறு. 1885-ல் ரேலே கணக்காகக் கண்டுபிடித்தது. கைபேசிக்குள் அலைவரிசை பிரிக்கும் வடிப்பான்களில் பல, ஒரு படிகத்தின் மேற்பரப்பில் இந்த வகை அலையை ஓடவிட்டுத்தான் வேலை செய்கின்றன. மண்ணில் இதைத் தடுக்க முயன்றவர்கள் பிரான்சில். 2012 ஆகஸ்டில், கிரனோபிள் அருகே, மெனார் என்ற மண்பலப்படுத்தும் நிறுவனத்தின் ஸ்டெஃபான் ப்ரூலே, மார்சேயின் ஃப்ரெனெல் ஆய்வகத்தினரோடு சேர்ந்து 5 மீட்டர் ஆழத்துக்கு, 32 சென்டிமீட்டர் விட்டத்தில் வரிசை வரிசையாகத் துளைபோட்டார்கள். ஒரு பக்கம் 50 ஹெர்ட்ஸில் மண்ணை அதிரவைத்தார்கள். அதிர்வில் பெரும்பங்கு துளைகளில் பட்டு வந்த பக்கமே திரும்பியது. 50 ஹெர்ட்ஸ் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான்கு சிலிண்டர் ஜெனரேட்டரின் எண் அது! பிறகு வந்த செய்திகள் இதைப் ‘பூகம்பத்தை மறைக்கும் போர்வை’ என்று எழுதின. கட்டடங்களைச் சாய்க்கும் பூகம்ப அலைகள் சில ஹெர்ட்ஸ்தான், அலைநீளம் நூற்றுக்கணக்கான மீட்டர். இந்தத் துளைகளுக்கு அது எட்டாத தூரம். தொழிற்சாலை, ரயில் பாதை, ஜெனரேட்டர் அறை அதிர்வுகளுக்கு இது பொருத்தமான அளவு என்று யாரும் பெரிய எழுத்தில் போடவில்லை. எனக்கு அதுதான் பெரிய செய்தி.

2016-ல் அந்த வட்டாரத்தைச் சேர்ந்தவர்களும் லண்டன் ஆய்வாளர்களும் காட்டை எடுத்துக்கொண்டார்கள். மண்ணில் ஊன்றி நிற்கும் ஒவ்வொரு மரமும் ஓர் ஒத்ததிர்வுக் கம்பம். மரங்கள் நெருக்கமாக நின்றால் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே சில பட்டைகளில் ரேலே அலை காட்டுக்குள் போவதில்லை. ரப்பருக்குள் ஈயக் குண்டு செய்த அதே காரியத்தை மண்மேல் மரம் செய்கிறது.

இனி இந்தத் துறைமேல் எல்லோரும் சொல்லும் குறை. ஒரு குறுகிய பட்டையில்தான் இவை வேலை செய்யும். உண்மை. பிங் ஷெங் குழுவே 2017-ல் இதற்கு ஒரு கணக்கு எழுதியிருக்கிறது. காரணத்துக்கு முன்னால் விளைவு வர முடியாது என்ற ஒரே அடிப்படையிலிருந்து, எந்த ஒலியை எவ்வளவு உறிஞ்ச வேண்டும் என்று சொன்னால் அதற்குக் குறைந்தபட்சம் எவ்வளவு தடிமன் தேவை என்று கிடைத்துவிடும். தாழ்ந்த ஒலிகளை எல்லாம் அகலமாக உறிஞ்ச வேண்டுமா, தடிமனைக் கொடுத்தே ஆக வேண்டும். குறுகிய பட்டை போதுமென்றால் மெல்லியதாகச் செய்யலாம். ஆகவே சாலைச் சத்தத்துக்கும் சினிமாத் தியேட்டருக்கும் இந்தக் குறை பெரிதுதான்.

ஜெனரேட்டருக்கு அது குறையே இல்லை என்பதுதான் என் வாதம். எங்கள் எதிரி ஒரே எண்ணில் நிற்கிறான். 75-ல் மட்டும் தடுக்கும் பொருளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மற்றவர்கள் கேட்கலாம். எனக்கு வேண்டியதே அதுதான். மேல் அடுக்குச் சத்தத்தை ராக்வூல் பார்த்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை, துணை.

இன்னொரு பொருத்தமும் உண்டு. இன்ஜினுக்குக் காற்று வேண்டும். பெட்டியை எவ்வளவு இறுக்கினாலும் லூவர் வழியாக ஒலி வந்துவிடும். லூவரை அடைத்தால் இன்ஜின் சூடாகி நின்றுவிடும். 2019-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஷின் ஜாங் குழு நடுவே திறந்த ஒரு வளையத்தைச் செய்தது. வளையத்தின் சதைக்குள் சுருள் பாதைகள். நேராகத் திறப்பின் வழியே போகும் ஒலியும் சுருள் வழியே சுற்றிவரும் ஒலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி கணக்கிட்டிருந்தார்கள். காற்று போகிறது, குறித்த அதிர்வெண்ணில் ஒலி 94 சதவீதம் நின்றுவிடுகிறது. லூவர் செய்யும் யாரும் இந்தச் செய்தியைச் சும்மா கடந்துபோக முடியாது.

எங்கள் பட்டறைக்கு எது தோதுப்படும் என்று பல நாள் யோசித்தேன். சவ்வு வேண்டாம் என்று முடிவுசெய்தேன். கேனோபிக்குள் வெப்பம் 60 டிகிரி வரை போகும். டீசல் ஆவி வேறு. இழுத்துக் கட்டிய ரப்பர் சில மாதத்தில் தளர்ந்தால் அதன் எண் நகர்ந்துவிடும். பிறகு போய் ஒவ்வொன்றாகச் சுருதி சேர்க்க ஆள் வேண்டும். ஈயக் குண்டு எடை. கடைசியில் வந்து நின்றது ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெட்டி: மூடிய பெட்டி, அதற்கு ஒரு சின்னக் கழுத்து. கழுத்தில் இருக்கும் காற்று குண்டு, பெட்டிக்குள் இருக்கும் காற்று ரப்பர். 2006-ல் பெர்க்லியில் நீருக்கடியில் கேளா ஒலிக்கு இவற்றையே வரிசையாக வைத்துப் புதுப்பொருள் செய்திருக்கிறார்கள். காற்று தளராது, கிழியாது, நாள்பட்டுக் கெட்டியாகாது.

கணக்கு இப்படி வந்தது. உள்வெப்பம் 50 டிகிரி என்று வைத்தால் ஒலியின் வேகம் நொடிக்கு 360 மீட்டர். கழுத்து 5 சென்டிமீட்டர் விட்டம், 5 சென்டிமீட்டர் நீளம். இரு முனையிலும் காற்று கொஞ்சம் வெளியே சேர்ந்து ஆடுவதால் நீளத்தை ஒன்பதேகால் என்று எடுக்க வேண்டும். 75 ஹெர்ட்ஸுக்குப் பெட்டியின் கொள்ளளவு சுமார் பன்னிரண்டரை லிட்டர். 35-க்கு 35 சென்டிமீட்டர் முகம், ஆழம் வெறும் 10 சென்டிமீட்டர். ஒரு மீட்டருக்கு மேல் கம்பளி கேட்ட ஒலிக்கு ஒரு சாண் ஆழம்கூட வேண்டாம்! எங்களிடம் இருக்கும் அதே தகடு, அதே வெல்டிங்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது வெப்பம். 30 டிகிரியில் ஸ்டார்ட் செய்து 60-க்குப் போகும்போது ஒலியின் வேகம் கிட்டத்தட்ட 5 சதவீதம் கூடும். பெட்டியின் எண்ணும் கூடவே ஏறும். இரண்டாவது, இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர். எலக்ட்ரானிக் கவர்னர் 1500-ஐ அப்படியே பிடித்துக்கொள்ளும். பழைய மெக்கானிக்கல் கவர்னரில் லோடு இல்லாதபோது 1560 வரை ஓடும், உறுமல் 78-க்கு நகரும். ஆகவே ஒரே அளவில் எல்லாப் பெட்டியையும் செய்வதில்லை. பதிமூன்றரை, பன்னிரண்டரை, பதினொன்றரை லிட்டர் என்று மூன்று அளவு கலந்து வைத்தால் 72, 75, 78 மூன்றும் வந்துவிடும். கழுத்து வாயில் மெல்லிய துணியை ஒட்டினால் ஒவ்வொன்றின் பட்டையும் கொஞ்சம் அகலும், உச்சம் கொஞ்சம் குறையும். எவ்வளவு துணி என்பதைத் தாளில் தீர்க்க முடியவில்லை; அதைக் கையால்தான் பிடிக்க வேண்டும்.

இப்போது 160 கேவிஏ செட் ஒன்றின் காற்று வெளியேறும் பக்கச் சுவர் இரண்டிலும் இந்தப் பெட்டிகளைப் பொருத்திக்கொண்டிருக்கிறோம். வெல்டிங் பார்க்கும் அண்ணன் கழுத்துக் குழாய்களைக் கணக்கிட்ட நீளத்துக்கு மயிரிழை பிசகாமல் வெட்டித் தருகிறார். வடிகட்டி இல்லாத அளவை எல்லா லோடிலும், எல்லா வெப்பத்திலும் எடுத்து அடுத்த பதிவில் அப்படியே போடுகிறேன். நான்கு சிலிண்டர் செட் வைத்திருப்பவர்கள், உங்கள் பக்கத்து வீட்டுச் சுவரருகே 50 ஹெர்ட்ஸில் எவ்வளவு வருகிறது என்று அளந்து அனுப்பினால் உதவியாக இருக்கும். அளக்கும்போது மீட்டரை ‘ஏ’யிலிருந்து வடிகட்டி இல்லாத ‘இசட்’டுக்கு மாற்றிவிடுங்கள், செட்டில் எவ்வளவு லோடு இருந்தது, வெளியேறும் காற்றின் வெப்பம் என்ன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.